ஆனந்தவள்ளியின் இடது கை

ஆனந்தவள்ளி வயலின் வாசிக்கும்போது முதல் வரிசையில் இருப்பவர்கள் பாடகரைப் பார்ப்பதில்லை. அவளுடைய இடது கையைத்தான் பார்ப்பார்கள். அந்தக் கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், அவ்வளவுதான். மற்ற இரண்டு விரல்கள் இருந்த இடத்திலிருந்து வழுவழுப்பான தழும்பு ஒன்று மணிக்கட்டுவரை சரிந்து இறங்கும். கச்சேரி முடிந்ததும் யாராவது மேடையோரம் வந்து, "பொறக்கும்போதே இப்படியாம்மா?" என்று இரக்கத்தோடு கேட்பதுண்டு.

"இல்லைங்க. என் தம்பி வெட்டினது" என்பாள்.

அவள் பிறந்தது தொட்டியத்துக்குப் பக்கத்தில், காவிரிக்கரையை ஒட்டிய ஊர். அப்பா சின்னையா வாழை போட்டவர். எட்டாவது முடித்த மகளைத் திருச்சி இசைப் பள்ளியில் சேர்க்க அழைத்து வந்தார். பாட்டு, வீணை, வயலின் என்று மூன்று வரிசை நின்றது. வயலின் வரிசை சின்னதாக இருந்ததால் அதில் நின்றாள். அப்படித்தான் அந்த வாத்தியம் அவளுக்கு வந்தது. பள்ளியில் மூன்று வருடம், பிறகு திருவையாற்றில் கல்லூரி. இருபத்தைந்து வயதில் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு முழுநேர வயலின்காரி ஆகிவிட்டாள். பாட்டுக் கச்சேரிக்குப் பக்கவாத்தியம், நாட்டிய அரங்கேற்றம், கோயில் உற்சவம், கல்யாண வரவேற்பு, வானொலி. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஸ்கூட்டரில் வயலின் பெட்டியை முன்னால் நிறுத்திக்கொண்டு போனாள். பாடகர் பாட்டில் எங்கே போனாலும் நிழல்போல் பின்னாலேயே போய்விடுவாள் என்று பெயர் வாங்கினாள்.

தம்பி சரத்குமார் அவளைவிட எட்டு வயது சின்னவன். பதினான்கு வயதில் அடுத்த வயல்காரரின் நாயை மண்வெட்டிக் காம்பால் அடித்தே கொன்றான். அம்மா காளியாயி அதைத் தெருவெல்லாம் பெருமையாகச் சொன்னாள். பத்தொன்பது வயதில் பஸ்ஸில் ஒருவன் ஆனந்தவள்ளியின் இடுப்பைக் கிள்ளினான் என்று தெரிந்ததும், அவனைத் தேடிப் போய் முகத்தைப் பஸ் படிக்கட்டில் மோதி மோதி இரண்டு பல்லை உதிர்த்துவிட்டு வந்தான். "இனிமே எங்கக்காவை எவன் தொடுவான்னு பாக்கறேன்" என்றான். அன்றைக்கு அவளுக்கு உள்ளூர சந்தோஷமாகத்தான் இருந்தது. தம்பிக்குப் பிடித்த கோழிக் குழம்பை வைத்துப் போட்டாள். பிற்பாடு அதை நினைத்து வெகுநாள் வெட்கப்பட்டாள்.

சின்னையா இறந்தபின் வாழைத்தோப்பும் வண்டியும் சரத்குமார் கைக்கு வந்தன. ஒரு லோடுமேனோடு தகராறு முற்றி, அவன் தாடையை உடைத்து, பயந்துபோய் அவனையே முசிறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அங்கே நர்ஸாக இருந்தவள் லிசி. லால்குடிப் பக்கத்துப் பெண். இவன்தான் அடித்தவன் என்று தெரியாமல், தூக்கிவந்து காப்பாற்றியவன் என்று நினைத்து அவனிடம் கனிவாகப் பேசினாள். ஒரு வருடத்தில் கல்யாணம் நடந்தது. காளியாயிக்குக் கிறிஸ்தவப் பெண், வேதக்காரி, வீட்டுக்கு வந்தது பிடிக்கவில்லை. சரத்குமாருக்கோ லிசி வேலைக்குப் போவது பிடிக்கவில்லை. முதலில் செல்போனை உடைத்தான். பிறகு அறைந்தான். பிறகு பெல்ட்டை எடுத்தான்.

ஒருநாள் ஸ்ரீரங்கத்துக்கு வந்த லிசி தலைமுடியை ஒதுக்கிக் காட்டினாள். காதுக்குப் பின்னால் சிகரெட் சுட்ட புண் மூன்று.

ஆனந்தவள்ளி ஊருக்குப் போய்த் தம்பியைத் திட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அம்மாதான் பேசினாள். "புருஷன் பொண்டாட்டி விஷயத்துல நீ ஏண்டி தலைய விடற? ஒனக்கென்ன தெரியும்? கல்யாணம் கட்டினவளா நீ?"

அதற்குப் பிறகு வந்த மாட்டுப் பொங்கல் அன்று காலையில்தான் அது நடந்தது. ஆனந்தவள்ளி முந்தின நாளே ஊருக்கு வந்திருந்தாள். மறுநாள் சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கச்சேரி இருந்ததால் வயலினையும் கொண்டுவந்திருந்தாள். காளியாயி மாட்டுக்கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தாள். லிசி கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. அவசரமாக ட்யூட்டிக்கு வர முடியுமா என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. விடிந்ததிலிருந்து குடித்துக்கொண்டிருந்த சரத்குமார் போனைப் பிடுங்கினான்.

"யாருடி இவன்? பொங்கலன்னிக்கும் ஒன்னைய விடமாட்டானா?"

"சூப்பர்வைசருங்க. நீங்களே பேசுங்க."

அவன் பேசவில்லை. போனைக் கிணற்றில் எறிந்தான். லிசியின் பின்னலைப் பிடித்து இழுத்து முகத்தைத் துவைகல்லில் மோதினான். ஒருமுறை, இரண்டுமுறை. மூக்கு உடைந்து ரத்தம் சோப்புத் தண்ணீரில் கலந்து ஓடியது. ஆனந்தவள்ளி உள்ளேயிருந்து ஓடிவருவதற்குள் அவன் சுவரில் சொருகியிருந்த வாழைத்தார் வெட்டும் அரிவாளை எடுத்துவிட்டான். லிசி மண்டிபோட்டுக் கிடந்தாள். கழுத்து அவனுக்கு நேராக இருந்தது.

ஆனந்தவள்ளி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இடது கையை நீட்டியிருக்கமாட்டேன் என்று அவளே சொல்வாள். எந்த வயலின்காரியும் நீட்டமாட்டாள். லிசியின் கழுத்தின்மேல் கையை விரித்துக் குறுக்கே போட்டாள். அரிவாள் இறங்கியது.

வலி உடனே வரவில்லை. தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம்தான் முதலில் கேட்டது. பார்த்தபோது இரண்டு விரல்கள் ஈரத்தரையில் தனியாகக் கிடந்தன. மோதிர விரலின் நுனியில் தந்தி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன தடிப்புகூடத் தெரிந்தது. அதன் பிறகுதான் அலறினாள். சரத்குமார் அரிவாளைப் போட்டுவிட்டு, "அக்கா... அக்கா..." என்று இரண்டு முறை சொன்னான். பிறகு தோப்புக்குள் ஓடிவிட்டான்.

முகமெல்லாம் ரத்தம் வழிய எழுந்த லிசி தன் துப்பட்டாவை உருவி ஆனந்தவள்ளியின் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினாள். நர்ஸின் குரல் அவளுக்குத் திரும்பி வந்திருந்தது. "அத்தை, அந்த விரல் ரெண்டையும் சுத்தமான துணியில சுத்தி, கவர்ல போட்டு, ஐஸுக்குள்ள வச்சுக் கொண்டாங்க. சீக்கிரம். ஒட்ட வச்சிடலாம்."

காளியாயி தலையை ஆட்டினாள். பக்கத்து வீட்டு வேன் கிளம்பும்போது ஓடிவந்து ஒரு பையை மகளின் மடியில் வைத்தாள்.

முசிறியில் கட்டுப்போட்டு, ஆம்புலன்ஸில் திருச்சி வந்து சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. இருந்த அவசரத்தில் பையை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. டாக்டர் ஹனீஃபா, கை அறுவைச் சிகிச்சையில் அனுபவமுள்ளவர், பையை வாங்கிப் பிரித்தார். உள்ளே ஒரு மாற்றுப் புடவை, ரவிக்கை, சீப்பு.

"விரல் எங்கேம்மா?"

லிசி வெளியே ஓடிப்போய் யாரிடமோ போன் வாங்கி மாமியாரைக் கூப்பிட்டாள். "காணோம்டி. நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றாள் காளியாயி.

லிசி சொன்னதன்பேரில் மூன்றாம் நாள் போலீஸ் வந்து எருக்குழியைத் தோண்டியபோது விரல்கள் கிடைத்தன. காளியாயி கிணற்றடியைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அதன்மேல் கோலமும் போட்டு வைத்திருந்தாள். விரல் கிடைத்தால் கேஸ் ஆகிவிடும், மகன் உள்ளே போய்விடுவான் என்று பயந்திருக்கிறாள். மகளின் விரல்களை மகனுக்காகப் புதைத்துவிட்டாள்.

ஹனீஃபா இதையெல்லாம் கேள்விப்பட்டபின் வார்டுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அன்னிக்கே கையில கெடச்சிருந்தா முயற்சி பண்ணியிருப்பேன், இன்ஷா அல்லாஹ் ஒண்ணாவது நின்னிருக்கும். இப்ப அதைப் பேசிப் புண்ணியமில்ல. நடுவிரல் நரம்பைக் காப்பாத்திட்டேன். மடக்கலாம். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"வயலின் வாசிக்கறேன் டாக்டர்."



அம்மா ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்தாள். தார் வெட்டும்போது கை தவறிப் பட்டுவிட்டது என்று எழுதிக்கொடுக்கச் சொன்னாள். "ரெண்டு விரலுக்காகக் கூடப்பொறந்தவனை ஜெயில்ல தள்ளுவியா?" ஆனந்தவள்ளி நர்ஸைக் கூப்பிட்டு, இந்த அம்மாவை வெளியே அனுப்பச் சொன்னாள். இன்ஸ்பெக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லி, வலது கையால் கையெழுத்துப் போட்டாள். கொலை முயற்சி வழக்கு பதிவானது, சரத்குமார் கைதானான். லிசி வீட்டுக்குத் திரும்பவில்லை. திருச்சியில் வேறு ஆஸ்பத்திரியில் வேலை வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்து மாடிக்கே வந்துவிட்டாள்.

மூன்றாவது மாதம் சரத்குமார் ஜாமீனில் வந்தான். ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணி. கீழே காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டிருந்தார். லிசி ட்யூட்டி முடிந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். கதவை உதைத்துத் திறந்துகொண்டு அவன் உள்ளே வந்தான்.

"கேஸை வாபஸ் வாங்குக்கா."

"வெளிய போடா."

"நான் ஒன்னைய வெட்ட வரல. நீயா வந்து குறுக்க விழுந்த."

"அவளை வெட்ட வந்தேல்ல? அதுக்குத்தாண்டா கேஸு."

அவன் கண் அறையைச் சுற்றி வந்து பெஞ்சின்மேல் இருந்த வயலினில் நின்றது. கல்லூரி முடித்த வருடம் வாங்கியது. அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் அடித்தான். ஒரே அடியில் வயிறு பிளந்தது. தந்திகள் சுருண்டு அவன் முகத்திலேயே கீறின. அந்தக் கோபத்தில் உடைந்த கழுத்துத் துண்டால் அக்காவின் தோளில் அடித்தான். அவள் விழவில்லை. கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவன்மேல் பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் மறுகையால் அவள் தலையில் குத்தினான். காது இரைந்தது. விடவில்லை. பல் சதைக்குள் இறங்கி எலும்பில் முட்டியது. அவன் "அய்யோ" என்று கத்தியபோது லிசி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலைத்தண்ணீரைப் பாத்திரத்தோடு தூக்கி அவன் முதுகில் ஊற்றினாள்.

படிக்கட்டில் உருண்டு விழுந்தவனைக் கீழே காய்கறிக்காரரும் தெருக்காரர்களும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஜாமீன் ரத்தானது.

அன்று சாயங்காலம் ஆனந்தவள்ளி வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "லிசி, அவன் ரத்தம் வாயில பட்டப்ப எனக்கு நல்லா இருந்துச்சு. இன்னும் கடிக்கணும்போல இருந்துச்சு. நானும் அவன்கூடப் பொறந்தவதான்."

லிசி அவள் தோளுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு இன்னொரு பாத்திரம் கெடைக்கலையேன்னு இருந்துச்சு" என்றாள்.

திருச்சி நத்தர்வலி தர்காவுக்குப் பக்கத்துச் சந்தில் தாஜுதீன் வாத்தியம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். இசைப் பள்ளியில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர். உடைந்த வயலினைத் துணியில் மூட்டை கட்டி அவரிடம் கொண்டுபோனாள். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது ஆகாது, ஆனந்தி. பொணம்" என்றார். உள்ளே போய் வேறொரு வயலினைக் கொண்டுவந்து தந்தார்.

"எனக்கெதுக்கு? விரலைப் பாருங்க."

"பாத்தேன். நம்ம வாசிப்புல சுண்டுவிரலுக்கு என்ன வேலை, சொல்லு? இங்கிலீஷ் வாசிப்புன்னா நாலும் வேணும். நமக்கு கமகம் பூராவும் மொத ரெண்டு விரல்லதான இழுக்கறோம்? மோதிர விரல் இல்லாததுக்குக் கையை நகத்தணும். அவ்வளவுதான், வாசிச்சுப் பாரு."

அவ்வளவுதான் என்று அவர் சொன்னது ஒன்றரை வருடம் பிடித்தது. மோதிர விரல் போகவேண்டிய இடத்துக்கு நடுவிரலை வழுக்கிக்கொண்டு போகவேண்டும். போய்ச் சேர்வதற்குள் பாட்டு அடுத்த இடத்துக்குப் போயிருக்கும். முதல் மாதங்களில் கல்யாணி ராகம் வாசித்தால் பூனை மிதிபட்ட மாதிரி இருந்தது. தழும்பு வெடித்துத் தந்தியில் ரத்தம் வழிந்தது. துடைத்துவிட்டு வாசித்தாள். இல்லாத விரல்களில் அரிவாள் விழுகிற வலி தினமும் வந்தது. சில நாள் ஆத்திரம் தாங்காமல் அந்தக் கையைச் சுவரில் அறைந்துகொள்வாள். லிசி வந்து பிடித்துக்கொள்வாள்.

செங்கமலவல்லி என்று ஒரு பாடகி, தெற்குச் சித்திரை வீதிக்காரர். பத்து வருடம் அவருக்கு ஆனந்தவள்ளிதான் வயலின். வாசிப்பு ஓரளவு திரும்பியதும் அவரிடம் போய் நின்றாள்.

"பகவான் உன்னை ரொம்ப சோதிச்சுட்டார்மா" என்றார் அவர். "ஆனா மேடையில அந்தக் கையைப் பார்த்தா பாக்கறவாளுக்கு மனசு என்னமோ பண்ணும். பாட்டு மனசுல நிக்காது. கொஞ்ச நாள் போகட்டுமே."

"கேட்டுட்டுச் சொல்லுங்க மாமி. கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க."

அவர் கேட்கவில்லை. அதன் பிறகு ஒருநாளும் கூப்பிடவுமில்லை.

கூப்பிட்டது நாட்டியக்காரர்கள்தான். உறையூரில் ஒரு அரங்கேற்றம். பக்கவாத்தியம் எல்லோரும் மேடையின் ஓரத்தில் உட்காருவார்கள், கண்களெல்லாம் ஆடுகிற பெண்மேல் இருக்கும். அவள் கையை யாரும் பார்க்கவில்லை. இரண்டு வருடம் அப்படிப் போனது. நடுவே கொரோனா வந்து எல்லோர் கச்சேரியும் நின்றது. அந்த நாட்களில் அவள் தினமும் ஆறு மணி நேரம் வாசித்தாள். அடுத்த மார்கழியில் திருச்சி வயலின்காரர்கள் எல்லோரும் சென்னைக்குப் போய்விட, ஆள் கிடைக்காமல் ஒரு பாடகர் வேறு வழியில்லாமல் அவளைக் கூப்பிட்டார். சின்ன வயசு, அவசரக்காரர். மேடையில் அவள் கையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். ஸ்வரம் பாடும்போது வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டிக் கூட்டி அவளைத் தடுக்கி விழவைக்கப் பார்த்தார். அவர் கொடுத்த அடிக்கு அடி அவள் திருப்பிக்கொடுத்தாள். வில்லின் முடிகள் அறுந்து தொங்கின. கடைசிச் சுற்றில் மூச்சு வாங்கி நின்றது அவர்தான். மிருதங்கக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு கச்சேரிகள் வர ஆரம்பித்தன.

அந்தக் கச்சேரியை யாரோ செல்போனில் எடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். வழக்கு விசாரணைக்கு வந்தபோது சரத்குமாரின் வக்கீல் அதைத்தான் கோர்ட்டில் போட்டுக் காட்டினார்.

"இது நீங்கதானேம்மா?"

"நான்தாங்க."

"ரொம்ப நல்லா வாசிக்கறீங்க. தொழில் ஒண்ணும் பாதிக்கலையே. அப்ப இது அவ்வளவு பெரிய காயம் இல்லைன்னு எடுத்துக்கலாமா?"

அவள் இடது கையைச் சாட்சிக் கூண்டின் கட்டைமேல் வைத்தாள். "நாலு விரல்ல வாசிச்சதை ரெண்டு விரல்ல வாசிக்கறேங்க. அது நான் பட்ட பாடு, உங்க கட்சிக்காரர் செஞ்ச தயவு இல்ல. அவன் வெட்ட வந்தது இந்த விரலை இல்ல, கழுத்தை. விரல் குறுக்க வந்ததாலதான் லிசி உயிரோட உக்காந்திருக்கா."

தார் வெட்டும்போது கை தவறியது என்று காளியாயி சாட்சி சொன்னாள். எருக்குழியில் விரல்கள் எப்படி வந்தன என்ற கேள்விக்கு, "தரையைக் கழுவினேன், அதோட போயிருக்கும்" என்றாள். ஏழு வருடம் தண்டனை என்று தீர்ப்பு வந்த அன்று, தாழ்வாரத்தில் எல்லோர் எதிரிலும் செருப்பைக் கழற்றி மகளை முகத்தில் அடித்தாள். உதடு கிழிந்தது. பெண் போலீஸ் ஒருவர் பிடிப்பதற்குள் இன்னும் இரண்டு அடி விழுந்துவிட்டது. ஆனந்தவள்ளி திருப்பி அடிக்கவில்லை. கை தூக்கினால் நிறுத்தமாட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. லிசி கைக்குட்டையை எடுத்து உதட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

போன வருடம் ஆவணி மாதம் காளியாயி இறந்துவிட்டாள் என்று தகவல் வந்தது. போகவேண்டாம் என்றாள் லிசி. ஆனந்தவள்ளி போகவேண்டும் என்றாள். கடைசியில் இரண்டுபேருமே போனார்கள். வீட்டு வாசலிலேயே சொந்தக்காரப் பெண் ஒருத்தி, "கூடப்பொறந்தவனை உள்ள தள்ளினவளுக்கு இங்க என்ன வேலை?" என்று ஆனந்தவள்ளியின் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். யாரோ எறிந்த கல் லிசியின் முழங்காலில் பட்டது. இருவரும் நகரவில்லை. அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் காவிரிக்கரைவரை பின்னாலேயே நடந்தார்கள்.

கொள்ளி வைக்க சரத்குமாரைப் போலீஸ் காவலோடு கூட்டிவந்திருந்தார்கள். இளைத்திருந்தான். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. காரியம் முடிந்து வண்டிக்குப் போகும்போது அவள் எதிரில் நின்றான். இரண்டு பக்கமும் இரண்டு காவலர்கள்.

"இன்னும் வாசிக்கறியாக்கா?"

"வாசிக்கறேன்."

அவன் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். "மிச்சம் ரெண்டு இருக்குல்ல?"

காவலர் அவன் பிடரியில் ஒரு தட்டுத் தட்டி வண்டியில் ஏற்றினார். அவள் அங்கேயே நின்றாள். லிசி பக்கம் திரும்பி, "நீயும் கேட்டேல்ல?" என்றாள்.

"கேட்டேன்."

"எழுதிக் குடுப்போம்."

மறுநாள் காலை இருவரும் ஸ்ரீரங்கம் காவல் நிலையத்துக்குப் போனார்கள். அவன் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, லிசி சாட்சிக் கையெழுத்துப் போட்டு, கொடுத்ததற்கு ரசீதும் வாங்கிக்கொண்டார்கள். மாடிப்படியின் கீழே ஒரு இரும்புக் கதவு போட வெல்டிங்காரருக்குச் சொல்லியாயிற்று. அவன் வெளியே வர இன்னும் சில வருடம் இருக்கிறது. அவன் வருவான் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. வேறு ஊருக்குப் போய்விடலாமே என்று தாஜுதீன் சொன்னபோது, "அவன்தான் போகணும், நான் ஏன் போகணும்?" என்று கேட்டாள்.

புகார் கொடுத்த அன்று சாயங்காலம் உறையூரில் கச்சேரி இருந்தது. அம்மா செத்த தீட்டு இருக்கும்போது மேடை ஏறலாமா என்று யாரோ கேட்டார்கள். அவள் ஸ்கூட்டரை எடுத்தாள். விரிவாகத் தோடி ராகம் பாடிய பாடகர் அவள் முறை வந்ததும் அவள் பக்கம் கையைக் காட்டினார். ஆனந்தவள்ளி கண்ணை மூடாமல், முதல் வரிசையில் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வாசித்தாள்.